இறங்கித் தள்ளினால் வெட்கம் இல்லை!
பாம்பன் பாலத்தில் சைக்கிளை மிரட்டும் காற்று

பாம்பன்,

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு ஏற்றம் பெரிதல்ல. காற்றுதான் எமன்!

1988-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் நீளம் சுமார் 2.3 கிலோ மீட்டர். இரண்டு பக்கமும் கடல். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்தால் ஹேண்டில்பார் தானாகத் திரும்பும். பஸ் கடக்கும்போது காற்று ஒரு நொடி அடங்கும். பஸ் போனதும் குபீரென்று மோதும். அங்கேதான் ஆபத்து!

சிக்னல் இல்லை

1914-ல் திறந்த பழைய பாலத்தில், 2022 வரை ரெயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரெயிலையே நிறுத்தி வந்தார்கள். சைக்கிளுக்கு அந்த சிக்னல் ஏது? "காத்து தள்ளுதா? இறங்கித் தள்ளு!" அவ்வளவுதான்.

தோளில் சைக்கிள்

அடுத்த சோதனை, 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை 2017-ல் தார் ரோடு வந்துவிட்டது. ரோட்டை விட்டு இறங்கினால் மணல்தான். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் சைக்கிள் நகரும். அதற்கும் மசியாவிட்டால் தோளில் தூக்க வேண்டியதுதான்.

ஐரோப்பாவில் இதற்கென்றே "சைக்ளோகிராஸ்" பந்தயம் நடக்கிறது. சேறு, மணல், படிக்கட்டு வந்தால் வீரர்கள் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு ஓடுவார்கள். முதல் உலகப் போட்டி 1950-ல் பாரீசில் நடந்தது. உலக சாம்பியனே இறங்கி ஓடும்போது, பொழுதுபோக்குக்கு மிதிக்கிறவருக்கு என்ன வெட்கம்?

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் போட மறக்கக்கூடாது. மறந்தால் உப்புக்காற்று செயினைத் தின்றுவிடும்!