ஐஸ் மிச்சம், நேரம் போதவில்லை

பழவேற்காட்டில் சேற்று நண்டுக்கு உயிரோடு இருந்தால்தான் விலை. அதனால் கரைக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து, இரண்டு பெரிய கொடுக்குகளையும் உடம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டியாக வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். அவசரப்படுத்த முடியாத வேலை. இறாலில் அந்தத் தொல்லை கிடையாது. அதற்கு வேண்டியது ஐஸ். கிலோவுக்குக் கிலோ என்பது பொதுவான கணக்கு. ஆக நண்டு நேரத்தைத் தின்கிறது, இறால் ஐஸைத் தின்கிறது, கையில் இருக்கும் முதலை இரண்டும் சேர்ந்து தின்கின்றன.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் கரையில், விடிவதற்கு முன்பே சரக்கு எடுத்து வண்டி ஏற்றும் ஒரு சிறு வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். எதை எவ்வளவு எடுப்பது? அந்த அக்கா காகிதம் பேனா இல்லாமலே முடிவு செய்துவிடுவார். நாம் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்தவை. கணக்கு ஓட வேண்டும் என்பதற்காக முழு எண்களாக வைத்திருக்கிறேன்.

இறால் கிலோ 300 ரூபாய்க்கு வாங்கினால் 60 ரூபாய் லாபம். நண்டு 450க்கு வாங்கினால் 100 ரூபாய் லாபம். கையில் 18,000 ரூபாய், 40 கிலோ ஐஸ், வண்டி கிளம்ப 180 நிமிடம். ஒரு கிலோ இறாலைக் கழுவி அடுக்க 2 நிமிடம், ஒரு கிலோ நண்டைக் கட்ட 6 நிமிடம். எடுக்கும் இறால் ‘இ’ கிலோ, நண்டு ‘ந’ கிலோ என்றால் நிலவரம் மூன்றே வரிகளில் அடங்கிவிடும்:

300இ + 450ந ≤ 18,000
2இ + 6ந ≤ 180
இ ≤ 40

இவை சமன்பாடுகள் அல்ல, அசமன்பாடுகள். பள்ளியில் சமன்பாட்டுக்குக் கிடைக்கும் மரியாதை இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் சந்தையில் யார் சமன்பாட்டோடு வாழ்கிறார்கள்? ‘இதற்கு மேல் கிடையாது’, ‘இதற்குக் குறையக் கூடாது’ என்பதுதான் அங்கே பேச்சு.

வரைபடத்தாளில் கிடையாக இறாலையும் நெடுக்காக நண்டையும் குறித்துக்கொள்வோம். தாளின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாள் கொள்முதல். பணத்தின் கோடு, இறால் அச்சில் 60இல் தொடங்கி நண்டு அச்சில் 40 வரை சரிகிறது. நேரத்தின் கோடு 90இலிருந்து 30க்கு. ஐஸின் கோடு 40இல் செங்குத்தாக நிற்கிறது. மூன்று கோடுகளுக்கும் உட்புறம் எஞ்சுவது ஐந்து மூலைகள் கொண்ட ஒரு வடிவம். அதற்குள் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அது நடக்கக்கூடிய வியாபாரம். வெளியே உள்ளதெல்லாம் ஆசை.

இனி லாபம். 3,000 ரூபாய் லாபம் தரும் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும். 3,200 தருபவை அதற்கு இணையான இன்னொரு கோட்டில். ஒரு அளவுகோலை அந்தச் சாய்விலேயே பிடித்து மெல்ல வெளிப்பக்கம் நகர்த்துங்கள். வடிவத்தை விட்டு முழுசாக விலகப் போகும் கடைசிக் கணத்தில் அது ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இங்கே அந்த மூலை 30 கிலோ இறால், 20 கிலோ நண்டு. லாபம் 3,800 ரூபாய்.

ஏன் மூலை? எல்லாமே நேர்கோடு என்பதால்தான். ஒரு திசையில் ஓரடி நகர்ந்து லாபம் கூடினால், அடுத்த அடியிலும் அதே அளவு கூடும். நடுவழியில் நிற்கக் காரணமே இல்லை. சுவரில் முட்டும்வரை போகலாம், முட்டிய பிறகு சுவரோரமாகவே அடுத்த சுவர்வரை போகலாம். வடிவத்துக்குள் எண்ணி மாளாத புள்ளிகள் இருக்க, ஐந்தே ஐந்தைச் சோதித்தால் போதும் என்றாகிவிடுகிறது. இப்படிக் கணக்கிடுவதற்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர்; அதன் உயிர் இதுதான்.

ஆனால் எனக்கு விடையைவிடச் சுவர்கள்தான் சுவையாகப் படுகின்றன. 30 கிலோ இறால் எடுத்தால் 10 கிலோ ஐஸ் மிச்சம். அன்று ஐஸ்காரர் இன்னொரு பாளத்தைச் சும்மா கொடுத்தாலும் லாபம் ஒரு பைசா ஏறாது. மாறாக, நண்டு கட்ட ஒருவர் அரைமணி நேரம் கை கொடுத்தால் விடை 15 கிலோ இறால், 30 கிலோ நண்டு என்று மாறி லாபம் 3,900 ஆகிறது. அந்த அரைமணியின் மதிப்பு சரியாக 100 ரூபாய். கூலியாக 80 கேட்டால் கூப்பிடலாம்; 120 கேட்டால் வேண்டாம். அதேபோல் யாராவது 900 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தால் அது 160 ரூபாய் கூடுதல் லாபம் தரும். வட்டி அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சந்தையில் நேரத்துக்கென்று யாரும் விலை எழுதி வைப்பதில்லை. கணக்கு அதைச் சொல்லிவிடுகிறது. பொருளியலில் இதை நிழல் விலை என்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. இறாலின் லாபம் 60இலிருந்து 62, 64, 66 என்று ஏறினாலும் கொள்முதல் அசையாது. அதே 30, அதே 20. 67ஐத் தொட்டதும் விடை ஒரே தாவலில் பக்கத்து மூலைக்குப் போய்விடும்: 40 கிலோ இறால், 13 கிலோவும் சொச்சமும் நண்டு. அந்த நொடியில் நேரம் 20 நிமிடம் மிஞ்சுகிறது; நேற்றுவரை சும்மா உருகிய ஐஸுக்கு விலை வந்துவிடுகிறது. விலை ஏறியும் வியாபாரி நாள்கணக்காக அசையாமல் இருந்து, திடீரென்று ஒருநாள் மாறுவதைப் பிடிவாதம் என்று நினைக்கிறோம். சில சமயம் அது வடிவியல்.

நேரியல் திட்டமிடலை முதலில் முறையாக எழுதியவர் லியோனித் காண்டொரோவிச். லெனின்கிராடில் ஒரு ஒட்டுப்பலகை நிறுவனம், எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தைக் கொடுப்பது என்று கேட்டு வந்தது. 1939இல் அவர் அதைச் சிறு நூலாக்கினார். அமெரிக்க விமானப்படைக்காகத் தனியே யோசித்த ஜார்ஜ் டான்சிக், 1947இல் சிம்ப்ளக்ஸ் முறையைக் கண்டார். 1975இல் காண்டொரோவிச்சுக்கும் பொருளியலாளர் கூப்மன்ஸுக்கும் பொருளியல் நோபல் கிடைத்தது, டான்சிக்குக் கிடைக்கவில்லை. இன்றும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இரண்டு சரக்குக்குத் தாள் போதும். 50 சரக்கும் 50 கட்டுப்பாடும் என்றால் சுவர்கள் சந்திக்கக்கூடிய இடங்கள் 1க்குப் பின் 29 பூஜ்யம் என்ற அளவை எட்டும். சிம்ப்ளக்ஸ் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஒரு மூலையிலிருந்து லாபம் கூடும் பக்கத்து மூலைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று விளிம்பிலேயே நடக்கிறது. வேண்டுமென்றே கோணலாக அமைத்த வடிவங்களில் அது எல்லா மூலைகளையும் சுற்றிவர நேரிடும் என்று 1972இல் கிளீயும் மின்டியும் காட்டினார்கள். 1984இல் பெல் ஆய்வகத்தில் இருந்த நரேந்திர கர்மார்கர், குவாலியரில் பிறந்தவர், ஐஐடி மும்பையில் படித்தவர், வடிவத்தின் உள்ளே புகுந்து போகும் வழியைக் கொடுத்தார். முன்னது ஏரிக்கரையைச் சுற்றி நடப்பது. பின்னது படகெடுத்துக் குறுக்கே போவது.

ஏரியின் பெயரை எடுத்தாகிவிட்டது. இந்தக் கணக்கு கரையோடு நின்றுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் நேர்கோடு கிடையாது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. அந்த வழியில் வலையை இரட்டித்தால் இறால் இரட்டிக்காது. முன்னால் நிற்கும் வலை பின்னால் நிற்பதன் பங்கை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்கள் இதற்காக வைத்திருப்பது பாடு முறை. சுத்து வலை கட்டும் இடங்களை முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். பாடு உரிமை ஏரியில் எல்லோருக்கும் இல்லை என்ற மனத்தாங்கலும் நெடுநாளாக உண்டு. வெறும் லாபத்தைக் குறிக்கோளாக வைத்திருந்தால் மிகத் திறமையான வலைக்கே எப்போதும் நல்ல இடம் என்று விடை வந்திருக்கும். மூலைகளின் குணம் அது: ஒருவருக்கு எல்லாம், இன்னொருவருக்குப் பூஜ்யம். எதைப் பெரிதாக்குவது என்பதைக் கணிதம் முடிவு செய்வதில்லை; ஊர்தான் முடிவு செய்திருக்கிறது.

ஆனால் அந்த முடிவையும் ஒரு கோடாக வரையலாம், அதற்கு என்ன செலவு என்று பார்க்கலாம். ஏரியின் ஓரங்களில் வலையோ படகோ இல்லாமல், பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். நம் வியாபாரிக்கு அவர்கள் வாடிக்கை என்றும், வந்தது அத்தனையும் எடுத்தாக வேண்டும், இன்று வந்தது 36 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். தாளில் இ ≥ 36 என்று இன்னொரு கோடு விழுகிறது. பழைய மூலை வெட்டுப்பட்டுப் போகிறது. புது விடை 36 கிலோ இறால், 16 கிலோ நண்டு, லாபம் 3,760. வாடிக்கையைக் காப்பாற்ற அன்றைக்கு ஆன செலவு 40 ரூபாய். அந்த அக்கா இதைக் கணக்கில் எழுதியே இருக்கமாட்டார்.