கரும்பைவிடத் தோல்கழிவு மேல்

காட்பாடியில் எந்த பங்க்கில் வண்டியை நிறுத்தினாலும் ஒரு லிட்டர் பெட்ரோலில் 200 மில்லி வரை எத்தனால்தான். 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை மத்திய அரசு 2025-க்கே முன்னிழுத்தது, எட்டியும் விட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவது நல்லதே. ஆனால் அந்த எத்தனால் எதிலிருந்து வருகிறது என்று பாலாற்றுக்காரர்கள் கேட்டே ஆக வேண்டும்.

பக்கத்து அம்முண்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பு நமக்குப் புதிதல்ல. ஒரு டன் கரும்பில் சுமார் 70 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ஆனால் ஒரு லிட்டருக்கு 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றின் கரையில் இந்தக் கணக்கு கட்டாது. மக்காச்சோளத்துக்கு மாறினால் நாமக்கல் கோழித் தீவனத்தோடு போட்டி. பயோடீசலுக்கென்று காட்டாமணக்கையோ நாடே 2000-களில் நம்பி ஏமாந்தது.

நம் பகுதியில் வேறொன்று குவிகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் தோலின் உட்புறத்திலிருந்து செதுக்கி எடுக்கும் சதையும் கொழுப்பும்தான் அது. கொழுப்பை உருக்கி மெத்தனாலோடு வினைபுரியச் செய்தால் பயோடீசல். மிச்சத்தைக் காற்றில்லாக் கலனில் செரிக்க வைத்தால் மீத்தேன். இரண்டையும் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. சிக்கல் சுண்ணாம்பில் இருக்கிறது. முடியை நீக்கப் போடும் சுண்ணாம்பும் சல்பைடும் ஏறிய பிறகு செதுக்கிய சதையில் கந்தகம் தங்கிவிடும். இன்றைய பிஎஸ்-6 டீசலிலோ பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. ஊறவைத்தவுடன், சுண்ணாம்புக்கு முன்பே செதுக்கித் தனியே சேர்த்தால் சுத்திகரிப்புச் செலவு பெருமளவு குறையும்.

இதனால் நாட்டின் டீசல் தேவை தீர்ந்துவிடாது, அளவு சிறியது. அதனால்தான் எதற்குக் கொடுப்பது என்பது முக்கியம். காட்பாடி வழியே ரயில்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. ராணிப்பேட்டையிலேயே மின்ஸ்கூட்டர் செய்கிறார்கள். பேட்டரி எளிதில் கைகொடுக்காத இடம் நெடுந்தூர லாரியும் விமானமும்தான். சர்வதேச விமானங்களுக்கு 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் உயிரி எரிபொருள் கலக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு ஏற்ற மூலப்பொருள்களில் விலங்குக் கொழுப்பும் ஒன்று.

தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு உச்ச நீதிமன்றம் 1996-இலும் 2025-இலும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை ஒட்டியே கொழுப்பு சேகரிக்கும் கூடங்களை அமைக்க மாநில அரசு முதலில் பணம் ஒதுக்கட்டும்.