காட்டு வேலைக்கு என்ன படிக்கணும்?

இந்த நிகழ்ச்சிக்கு மாதம் தவறாமல் வரும் ஒரு கேள்வி இருக்கு. "ஐடியில இருக்கேன், பிடிக்கலை. காட்டுல, விலங்குகளோட வேலை செய்யணும். என்ன படிக்கணும்?" கேட்பவர்களில் பி.காம் முடிச்சவங்க உண்டு, எஞ்சினியர்கள் உண்டு. பெரும்பாலும் ஊட்டி, முதுமலைன்னு ரெண்டு நாள் சுத்திட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் எழுதின மெயில்கள் இவை என்பது என் சந்தேகம். அதனால ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஆசை எங்கேயாவது ஆரம்பிக்கணும்தானே.

படிப்பு, பரீட்சை எல்லாம் சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்த வேலையில் இருக்கிறவங்களோட நாள் எப்படிப் போகுது என்பதைப் பார்த்துடலாம். நீலகிரியிலேயே அதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. யானையோ புலியோ இல்லை, பாறு கழுகு.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் காடு சட்டுன்னு வறண்டு போகும். அங்கே ஓடுவது மாயாறு. அந்தப் பள்ளத்தாக்கின் உயரமான மரங்களில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் கூடு கட்டுது. தென்னிந்தியாவில் இவை இன்னும் கூட்டமாக வாழும் மிகச் சில இடங்களில் இது முக்கியமானது. 1990களில் இந்தியா முழுக்க இந்தக் கழுகுகள் செத்து விழ ஆரம்பித்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துபோச்சு. என்ன நோய்னு பல வருஷம் யாருக்கும் புரியலை. கடைசியில் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் விடை சொன்னது: டைக்ளோஃபினாக். நம்ம முட்டி வலிக்குப் போடற அதே வலி மருந்து. மாட்டுக்கு வலின்னு ஊசி போடுவாங்க. மாடு செத்தால் கழுகு தின்னும். கொஞ்சூண்டு மருந்து போதும், கழுகோட சிறுநீரகம் செயலிழந்துடும்.

2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை இந்திய அரசு தடை பண்ணுச்சு. கதை முடிஞ்சதுன்னு நினைச்சா, முடியலை. மனுஷங்களுக்கான டைக்ளோஃபினாக் கடையில் கிடைச்சுக்கிட்டே இருந்தது, அதுவும் பெரிய பாட்டிலில். ஒரு மனுஷனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். 30 மில்லி பாட்டில் யாருக்கு? மாட்டுக்குத்தான். அந்தப் பெரிய பாட்டிலை நிறுத்த 2015 வரைக்கும் ஆச்சு. அப்புறம் அசெக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் என்று அதே குணமுள்ள வேறு மருந்துகள் வந்தன. அவற்றுக்குக் கால்நடைத் தடை 2023இல்தான் வந்தது.

இந்த இடைப்பட்ட வருஷங்களில் கழுகுக்காக வேலை செய்தவங்க என்ன செஞ்சாங்க? கோயம்புத்தூரைச் சேர்ந்த அருளகம் அமைப்பு மாயாற்றுப் பகுதியில் செய்த வேலையைப் பாருங்க. கூடுகளை எண்ணுவது ஒரு பகுதி. மீதிப் பொழுது ஊர் ஊராப் போய் மாடு மேய்க்கிறவங்ககிட்ட பேசுறது, மருந்துக் கடைகளில் எந்த மருந்து விற்குதுன்னு பார்க்கிறது, கால்நடை மருத்துவர்கள்கிட்ட 'மெலாக்சிகாம் போடுங்க, அது கழுகைக் கொல்லாது'ன்னு சொல்றது, அரசு அலுவலகத்துக்கு மனு எழுதுறது. கூட்டம் போட டீ சொல்றதும் இதில் சேரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புலி ஒரு மாட்டை அடிச்சுப் போட்டுடுது. மாட்டுக்காரருக்கு அது வீட்டு வருமானம். கோபத்தில் அந்த உடம்பில் பூச்சிமருந்து தடவி வச்சால், திரும்பி வரும் புலியும் சாகும், இறங்கி வரும் கழுகுக் கூட்டமும் சாகும். அப்போ இழப்பீட்டுத் தொகை அவர் கைக்கு எவ்வளவு சீக்கிரம் போகுது என்பதே ஒரு கழுகுப் பாதுகாப்பு வேலை ஆயிடுது. அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி பண்ணிக் கொடுக்க, ஃபைல் எங்கே நிக்குதுன்னு துரத்த ஒரு ஆள் வேணும். பி.காம் முடிச்ச நண்பரே, உங்களைத்தான் சொல்றேன்.

2023 கடைசியில் மூணு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் இந்த நிலப்பரப்பில் 300க்கு மேல் பாறு கழுகுகள் இருப்பது தெரிஞ்சது. பெரிய எண் இல்லை. ஆனா கழுகு நமக்கு எவ்வளவு முக்கியம்னு நிரூபிச்சதில் பொருளாதாரக்காரங்களுக்கும் பங்கு இருக்கு. எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற ரெண்டு பேர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, கழுகுகள் இருந்து அழிந்த மாவட்டங்களில் மனித இறப்பு கூடியதைக் கணக்குப் போட்டுக் காட்டுச்சு. அழுகும் பிணங்கள், தெருநாய், கெட்டுப்போன தண்ணீர். 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவங்க மதிப்பீடு. புள்ளிவிவரம் தெரிஞ்சவங்க செய்த வேலை அது.

சரி, மறுபடி மலை ஏறுவோம். ஊட்டிக்கு மேலே, அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கம். நீங்க போட்டோ எடுக்கிற அடர்ந்த பச்சை மரக்கூட்டத்தில் பாதி, அந்த மண்ணுக்குச் சொந்தமானது கிடையாது. கற்பூர மரமும் சீகை மரமும் வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சுதந்திரத்துக்கு அப்புறம் தோல் பதனிடவும் ரேயானுக்கும் என்று இன்னும் நிறைய நட்டாங்க. அதுக்கு முன்னாடி அங்கே இருந்தது புல்வெளி, நடுநடுவே மடிப்புகளில் சோலை. மழையைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வச்சு மெதுவா விடுறது அந்த அமைப்புதான். அந்தத் தண்ணீர்தான் பவானியாகவும் மாயாறாகவும் இறங்கி பவானிசாகர் அணையில் சேர்ந்து ஈரோட்டு வயல்களுக்குப் போகுது. இயற்கை வள மேலாண்மைன்னு பாடப்புத்தகத்தில் வருமே, அது இதுதான்.

அந்நிய மரங்களை எடுக்கணும்னு தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே கொண்டுவந்தது. வெட்டினா போதுமா? சீகை விதை மண்ணுக்குள்ள பல வருஷம் தூங்கும். வெட்டின இடத்தில் வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். திரும்பத் திரும்பப் பிடுங்கணும், சொந்தப் புல் வகைகளை நாற்றாங்காலில் வளர்த்து நடணும். எந்தப் புல் எந்தச் சரிவில் வரும்னு தெரியணும். இதில் வேகம் கிடையாது. மூணு வருஷ ப்ராஜெக்ட் நிதியில் இருபது வருஷ வேலையைச் செய்யணும் என்பதுதான் இந்தத் துறையில் என்னை ரொம்ப எரிச்சல்படுத்தும் விஷயம்.

கீழே கூடலூர், முதுமலைப் பக்கம் இதே பிரச்சினை உண்ணிச்செடி வடிவத்தில் இருக்கு. மான் தின்னாது, யானைக்கும் உதவாது, காட்டுத் தரையையே மூடிடும். அதை வெட்டிக் காய வச்சு, பணியர், பெட்டகுறும்பர் முதலிய பழங்குடிக் கலைஞர்கள் நிஜ அளவில் யானைகள் செய்றாங்க. 2021இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்னது. 2024இல் அமெரிக்கா போச்சு. இதுக்குப் பின்னாடி வடிவமைப்பு, கப்பல் போக்குவரத்து, வரிக் கணக்கு என்று எத்தனை வேலை இருந்திருக்கும்னு யோசிங்க.

இப்போ பரீட்சை, படிப்பு. வேகமாச் சொல்லிடறேன், இதெல்லாம் தேடினால் கிடைக்கும்.

ஐ.எஃப்.எஸ் என்றால் யு.பி.எஸ்.சி. 2013 முதல் முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்ஸுக்கும் இதுக்கும் ஒண்ணுதான். ஆனா அறிவியல், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் மாதிரி பட்டம் வேணும். பி.காம், பி.ஏ. வச்சு எழுத முடியாது, இதை யாரும் முதலிலேயே சொல்றதில்லை. மாநிலத்தில் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. வனக்காப்பாளர், வனக்காவலர் பதவிகள் 2024 முதல் குரூப் 4இல் சேர்ந்திருக்கு.

படிக்கணும்னா மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் இருக்கு. வனவிலங்கு உயிரியல் முதுகலை ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் இருக்கு. செலவு குறைவு, நம்ம ஆட்கள் பலர் அங்கிருந்து வந்தவங்க. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். ரெண்டிலும் இடம் ரொம்பக் கொஞ்சம், போட்டி அதிகம். கோவை ஆனைக்கட்டி சாலிம் அலி மையம் 2023இல் டேராடூன் நிறுவனத்தோட இணைஞ்சுடுச்சு.

சம்பளம்? ஆய்வுத் திட்டங்களில் ஆரம்பத்தில் ஒப்பந்த வேலைதான். ஐடியில் முதல் வருஷம் வாங்கினதைவிடக் குறைவா வாங்கத் தயாரா இருக்கணும், அதுவும் பல வருஷம். வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்பணும் என்ற நிலையில் இருப்பவங்களுக்கு இந்தக் கதவு திறக்கிறது கஷ்டம். அதனாலதான் இந்தத் துறை மேல்மட்டத்தில் ஒரே மாதிரி குடும்பங்களிலிருந்து வந்தவங்களா தெரியுது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். 2021 செப்டம்பர், அக்டோபரில் கூடலூர், மசினகுடிப் பகுதியே ஒரு புலியால் பயந்து கிடந்தது ஞாபகம் இருக்கா? டி23. நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. சுடலாமா, பிடிக்கலாமா என்று விவாதம் ஐகோர்ட் வரைக்கும் போச்சு. கேமரா, ட்ரோன், மோப்ப நாய், கும்கி யானை எல்லாம் இறங்கின 21 நாள் தேடலுக்கு அப்புறம் அக்டோபர் 15ஆம் தேதி உயிரோட பிடிச்சாங்க. அந்தத் தேடலில் தினமும் முன்னால் நடந்து, மண்ணில் காலடியைப் படிச்சு, இது அந்தப் புலிதான், இந்தப் பக்கம்தான் போயிருக்குன்னு சொன்னவங்க பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்கள்.

அவங்க பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் இருக்கிறவங்க. நிரந்தரம் பண்ணுங்க என்பது அவங்களோட ரொம்ப நாள் கோரிக்கை, சிலருக்குக் கிடைச்சிருக்கு, பலர் காத்திருக்காங்க. ஆய்வுத் திட்டங்களிலும் இதே கதை. வழி காட்டி, எச்சம் பார்த்து மிருகத்தின் பேரைச் சொல்லி, யானை வந்தால் ஆய்வாளரை இழுத்துக்கிட்டு ஓடுறவர் பேர் கட்டுரையின் கடைசியில் நன்றிப் பட்டியலில் வரும். சில சமயம் அங்கேயும் வராது. நீங்க இந்தத் துறைக்கு வந்து அஞ்சு வருஷத்தில் திட்ட மேலாளர் ஆகலாம். உங்களுக்குக் காட்டில் நடக்கக் கத்துக்கொடுத்த அண்ணன் அதே இடத்தில் இருப்பார். 'கரியர்' என்ற சொல் அவருக்கும் பொருந்தணும் இல்லையா?

மாற்றிப் பார்க்கிற முயற்சிகளும் இங்கேயே இருக்கு. கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அமைப்பு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து ஒரு படிப்பு நடத்துது. கார்னெல் மாணவர்களும் நீலகிரிப் பழங்குடி இளைஞர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒண்ணா ஊருக்குள்ள போய் ஆய்வு செய்வாங்க. அதே அமைப்பு ரேடியோ கோத்தகிரி என்ற சமுதாய வானொலியையும் நடத்துது, பழங்குடி மொழிகளிலும் தமிழிலும். நம்மளை மாதிரி மைக் முன்னாடி உட்கார்றவங்களுக்கும் இடம் இருக்கு, பார்த்துக்கங்க.

இன்னொரு கேள்வியையும் உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக அரசு காட்டு நிலத்தில் தேயிலை நட்டது, அதுதான் டான்டீ. இப்போ நஷ்டம், ஆள் பற்றாக்குறை, யானை நடமாட்டம். அதனால தோட்டத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க முடிவாச்சு. காட்டுக்கு நல்லதுதான். லைன் வீட்டில் மூணு தலைமுறையா இருக்கும் அம்மாவுக்கு? அந்த வீட்டு வாசலில் நின்னு, வனத்துறையின் வரைபடத்தையும் கையில் வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் கேட்டுப் பேசத் தெரிஞ்ச ஆள் ரொம்பக் கொஞ்சம். தமிழில் பேச, எழுதத் தெரிஞ்சிருப்பது இங்கே ஒரு தகுதி. நகரத்து ஆட்கள் அதைச் சாதாரணமா நினைக்கிறோம்.

வேலையை விடறதுக்கு முன்னாடி பார்க்கக்கூடியவையும் உண்டு. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். வீட்டு மொட்டை மாடியிலிருந்தே 15 நிமிஷம் பறவைகளை எண்ணி இ-பேர்டில் ஏத்தலாம். வனத்துறையின் கணக்கெடுப்புகளுக்கு அப்பப்போ தன்னார்வலர்களைக் கூப்பிடுவாங்க. அதிகாலையில் எழுந்து நாள் பூரா நடந்து, அட்டை கடிச்சு, ஒரு மிருகத்தையும் பார்க்காம, வெறும் காலித் தாளில் 'இல்லை'ன்னு எழுதிட்டுத் திரும்பி வரும் நாள் உங்களுக்கும் கிடைக்கும். அந்த 'இல்லை'யும் தரவுதான். அந்த நாள் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மெயில் பண்ணுங்க.