குடலுக்குத் திரும்பும் காவல் அணுக்கள்

இளம்பிள்ளை வாதக் கிருமி வாய் வழியே புகுந்து, முதலில் தொண்டையிலும் குடலிலும் பெருகும். குருதியில் மட்டும் எதிர்ப்புச் சக்தி இருந்தால் பிள்ளைக்கு வாதம் வராமல் தடுக்கலாம். எனினும் அப்பிள்ளையின் குடலில் கிருமி பெருகி, மலத்தின் வழியே பிறரைச் சேரும். ஆகவே குடலிலும் காவல் வேண்டும்.

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குருதியோடு உடலெங்கும் சுற்றுபவை. அவற்றுட் சில குடலை நாடி இறங்குவது எங்ஙனம்?

மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்தபின், பால்மரம் வெட்டுவோர் அவரவர் நிரைக்குப் போவது வழக்கம். வெள்ளணுக்களுக்கும் பெரட்டுக்களம் உண்டு. குடலை அடுத்துள்ள நிணநீர்க் கணுக்களே அவை. அங்குள்ள கிளையுடைய அணுக்கள் கிருமியின் துணுக்கைக் காட்டி வெள்ளணுவைத் தூண்டுகின்றன. அப்பொழுதே, வைட்டமின் ‘ஏ’யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலத்தையும் அதற்கு அளிக்கின்றன. அதன் பயனாக, ஆல்ஃபா 4 பீட்டா 7 இன்டெக்ரின் என்னும் ஒட்டுப் புரதம் வெள்ளணுவின் மேல் தோன்றுகிறது. இதைப் பற்றிக்கொள்ளும் இணைப் புரதம் குடலின் இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கிறது. குருதியில் உருண்டு வரும் அணு அங்கே ஒட்டி நின்று, சுவரின் இடுக்கு வழியே திசுவுள் நுழைகிறது. பின்னர்ச் சில அணுக்கள், குடலின் மேற்படலத்தைப் பற்றும் வேறோர் இன்டெக்ரினைப் பெற்று அங்கேயே தங்கிவிடுகின்றன.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. முன்பே சொட்டு மருந்து உண்ட 1 முதல் 4 வயதுடைய 450 பிள்ளைகளுள் பாதிப்பேருக்கு ஒருமுறை ஊசி மருந்து போட்டனர். நான்கு வாரங்களுக்குப் பின் அனைவருக்கும் சொட்டு மருந்து புகட்டி, ஏழாம் நாள் மலத்தைச் சோதித்தனர். மூன்றாம் வகைக் கிருமி, ஊசி போடாதவருள் 26 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. போட்டவருள் 8 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது.

ஊசி மருந்து மட்டும் பெற்ற பிள்ளைகளின் குடலில் இத்தகைய காவல் மிகக் குறைவு. முன்னர்ச் சொட்டு மருந்தால் குடலின் அடையாளம் பெற்ற நினைவணுக்களை ஊசி எழுப்ப, அவை தம் இடத்திற்கே திரும்புகின்றன என்று கருதப்படுகிறது.

மலேசியாவில் 1992க்குப் பின் காணாதிருந்த இந்நோய் 2019 டிசம்பரில் சபாவில் மீண்டும் தலைகாட்டியது. ஊசி முறைக்கு மாறிவிட்ட நாட்டில், அங்கு மறுபடியும் சொட்டு மருந்து புகட்டியதன் காரணம் இப்பொழுது விளங்கும். ஊசி பிள்ளையின் காலைக் காக்கும். குடலில் நிற்கும் காவலோ அடுத்த வீட்டுப் பிள்ளையையும் காக்கும்.