இடிக்கும் சுவருக்குத் தனி லேயர்

பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆட்டோகேடில் பிளான் போடும்போது, ஒரே இடத்தை இரண்டு தாளில் காட்டியாக வேண்டும். ஒன்று இடிப்புப் பிளான். இன்னொன்று வேலை முடிந்தபின் நிற்கப்போகும் வீட்டின் பிளான். இதற்காகப் பலர் ஃபைலையே காப்பி எடுத்து இரண்டாக்கிக்கொள்கிறார்கள். அப்புறம் அளவில் ஒரு திருத்தம் வந்தால் ஒன்றில் மாறும், மற்றதில் பழையபடியே கிடக்கும். ஃபைல் ஒன்றே போதும். பிரிக்க வேண்டியது லேயரைத்தான்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களின் அமைப்பான ஏஐஏவின் லேயர் வழிகாட்டி, இப்போது அந்நாட்டு தேசிய கேட் தரத்தின் ஒரு பகுதி. அதில் லேயர் பெயரின் கடைசி எழுத்து நிலையைச் சொல்லும். ‘ஏ-வால்-இ’ அப்படியே விட வேண்டிய சுவர், ‘ஏ-வால்-டி’ இடிக்க வேண்டியது, ‘ஏ-வால்-என்’ புதிதாக எழுப்புவது. எழுத்து கடைசியில் நிற்பதால் லேயர் ஃபில்டரில் ‘*-டி’ என்று கொடுத்தால் சுவர், கதவு, குழாய் என்று இடிபடுவது அத்தனையும் ஒன்றாக வந்துவிடும். லேஅவுட்டில் இடிப்புத் தாளின் வியூபோர்ட்டில் ‘என்’ லேயர்களை ஃப்ரீஸ் செய்யுங்கள், அடுத்த தாளில் ‘டி’ லேயர்களை. ‘இ’ இரண்டிலும் இருக்கும்.

நடைமுறையில் தடுமாற்றம் வருவது சுவர் வெட்டும் இடத்தில். 14 அடி நீளமுள்ள 9 அங்குலச் சுவரின் நடுவில் 4 அடிக்குத் திறப்பு வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். இரண்டு கோடுகளையும் திறப்பின் இரு முனையிலும் பிரேக் செய்து நடுத்துண்டை ‘டி’க்கு மாற்ற வேண்டும். அதோடு முடியாது. வெட்டிய முனைகளை மூடும் குறுக்குக் கோடு எந்த லேயரில்? ‘டி’யில் மட்டும் போட்டால் இரண்டாம் தாளில் அது மறைந்து சுவர் முனை வாய் பிளந்து நிற்கும். ‘இ’யில் போட்டால் இடிப்புத் தாளில், இன்னும் வெட்டாத சுவரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருப்பதுபோலத் தெரியும். அதனால் ஒரே இடத்தில் இரண்டு கோடு: ‘டி’யில் ஒன்று, ‘என்’னில் ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் ஓவர்கில் கமாண்டை ஓட்டும்போது மட்டும் லேயர் வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள், இரண்டில் ஒன்று போய்விடும்.

இடிபடுவதைப் புள்ளிக்கோட்டில் காட்டுவது வழக்கம். நம் பிளான்களில் சன்ஷேடும் லாஃப்டும்கூடப் புள்ளிக்கோடுதான். இரண்டுக்கும் ஒரே லைன்டைப் வைத்தால் மேஸ்திரி சன்ஷேடைத் தட்டிவிட்டு வந்து நிற்பார். லைன்டைப் ஸ்கேலையும் பார்க்க வேண்டும். 1:100இல் அந்த 9 அங்குலக் குறுக்குக் கோடு தாளில் 2.3 மில்லிமீட்டர்தான். லைன்டைப் ஸ்கேல் பெரிதானால் அவ்வளவு குட்டிக் கோட்டில் இடைவெளி விழாது, முழுக்கோடாகவே பிளாட் ஆகும்.

கதவு, ஜன்னல் பிளாக்குகளை லேயர் 0இல் வரைந்திருந்தால் ‘டி’க்கு மாற்றியதும் நிறமும் கோடும் தானாக மாறும். உள்ளே வேறு லேயரில் வரைந்திருந்தால் மாறாது. அப்போதும் செருகிய லேயரை ஃப்ரீஸ் செய்தால் பிளாக் முழுதும் மறையும். ‘ஆஃப்’ செய்தால் உள்ளிருக்கும் கோடுகள் அப்படியே நிற்கும். எனவே மறைக்க எப்போதும் ஃப்ரீஸ்.