வாலாட்டும் வைத்தியர்!

"தினமும் காலையில அரை மணி நேரம் நடங்க சார்!"

சர்க்கரை, பிரஷர் என்று போகிற எல்லோரிடமும் டாக்டர் சொல்கிற வார்த்தைதான் இது. நாமும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வருவோம். மறுநாள் காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவோம். டாக்டரை ஏமாற்றலாம், வீட்டுக்காரம்மாவைக்கூட சமாளித்துவிடலாம். ஆனால், வீட்டில் ஒரு நாய் இருந்தால்..? நடக்காது! சரியாக ஐந்தரை மணிக்குக் கட்டில் ஓரமாக வந்து நிற்கும். மூக்கால் கையை இடிக்கும். மழையோ, மார்கழிப் பனியோ, அதற்கு எந்தச் சாக்கும் செல்லாது!

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் விடியற்காலையில் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். கையில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ரிடையர்டு ஆசாமிகள் பலர் நடந்துகொண்டிருப்பார்கள். யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் சந்தேகமாக இருக்கும்!

இதில் உடம்புக்கு மட்டுமா லாபம்? பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத காலம் இது. பையன் அமெரிக்காவில், பெண் பெங்களூரில் என்று பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடுகள் புறநகரில் எத்தனையோ. அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து, நாலு பேரிடம் பேசவைப்பது நாய்தான். "உங்க மணிக்கு என்ன சார், இன்னிக்கு டல்லா இருக்கான்?" என்று ஆரம்பிக்கிற பேச்சு, காபி சாப்பிடுகிற சிநேகிதத்தில் போய் முடியும்.

இதயத்துக்கு இதமாக...

நாய் வளர்ப்பது பற்றி விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1980-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இதய நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பிய 92 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். வீட்டில் ஏதாவது பிராணி வளர்த்தவர்கள் 53 பேர். அவர்களில் இறந்தது 3 பேர். வளர்க்காத 39 பேரில் இறந்தது 11 பேர். சின்ன ஆய்வுதான். அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால், 2013-ல் அமெரிக்க இதய சங்கமும், 'பிராணி வளர்ப்பது, குறிப்பாக நாய் வளர்ப்பது, இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவக்கூடும்' என்று சொன்னது. (அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!)

நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால், இருவர் உடம்பிலும் 'ஆக்ஸிடோசின்' கூடுகிறது என்று 2015-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தாய்க்கும் சேய்க்கும் பாசத்தை வளர்க்கிற அதே ஹார்மோன்!

கூட்டமான லோக்கல் ரயிலில் நசுங்கி, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ராத்திரி எட்டு மணிக்கு வீடு வருகிறீர்கள். 'ஏன் லேட்டு? கறிகாய் எங்கே?' என்று கேட்காமல், பத்து வருஷம் பிரிந்திருந்த மாதிரி குதித்து வரவேற்கிற ஜீவன் அது ஒன்றுதானே! காலையில் நீங்கள் அதட்டியதை அது மனசில் வைத்துக்கொள்வதில்லை. காலையில் போட்ட சண்டையை ராத்திரிவரை அடைகாக்கிற நமக்கு இது பெரிய பாடம்.

கல்லில் எழுதிய நன்றி

'நன்றிக்கு நாய்' என்று சும்மாவா சொன்னார்கள்? திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். மாடு திருட வந்தவர்களோடு நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோகிறான். அவனுடைய நாய் கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. அந்த நாயின் பெயர் 'கோவிவன்' என்பதையும் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர் அழியவில்லை!

அது பழைய கதை. இது நம்ம ரயில் பாதைக் கதை. சென்னை பார்க் டவுன் ஸ்டேஷனில் 'சின்னப்பொண்ணு' என்று ஒரு நாய். தண்டவாளத்தைக் கடக்கிறவர்களையும், படியில் தொங்குகிறவர்களையும் பார்த்துக் குரைத்து எச்சரிக்கும். ரயில்வே பாதுகாப்புப் படையினர் போகும்போது கூடவே போகும். 2019-ல் பத்திரிகை, டி.வி. எல்லாவற்றிலும் அது பிரபலம். இதில் வேதனை என்ன தெரியுமா? சின்னப்பொண்ணு, வளர்த்தவர் அந்த ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போன நாய்!

பிறந்தநாள் பரிசல்ல!

இங்கேதான் நாம் கொஞ்சம் யோசிக்கணும். குழந்தை அழுகிறது என்று குட்டி வாங்குகிறோம். மூன்று மாசம் கொஞ்சுகிறோம். அது வளர்ந்து, செருப்பைக் கடித்து, சோபாவைக் கிழிக்க ஆரம்பித்ததும் அலுத்துவிடுகிறது. வீடு மாற்றல், வெளியூர் வேலை, வயசாகிவிட்டது என்று ஏதோ ஒரு காரணம். ஒருநாள் தூரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. மற்ற நாய்கள் அண்டவிடாது. இறக்கிவிட்ட இடத்திலேயே, வந்து அழைத்துப் போவார்கள் என்று காத்துக்கொண்டு நிற்கும்.

நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். ஒன்றாம் வகுப்பில் குட்டி கேட்ட பிள்ளை காலேஜ் போகும்வரை அது உங்களோடுதான். அது தருகிற சந்தோஷம் இலவசமல்ல. அதற்கு நாம் கொடுக்கிற விலை நம் நேரம். அந்த நேரத்தைக் கொடுக்கும்போதுதான் நடை, சிநேகிதம், மன அமைதி எல்லாம் நமக்குத் திரும்பிவருகிறது. வாட்ச்மேன் மாதிரி கேட்டில் கட்டிப்போட்டால் நாய்க்கும் நிம்மதியில்லை, நமக்கும் பலனில்லை.

வளர்ப்பவர்கள் கவனத்துக்கு...

* குட்டிக்கு மூன்று மாசம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. மற்ற தடுப்பூசிகளைக் கால்நடை டாக்டர் சொல்லும் தேதியில் போடவும்.

* வீட்டு நாயோ, தெரு நாயோ, கடித்தால் உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசம். ஒன்று போட்டதும் நிறுத்தாமல் எல்லாத் தவணையும் போட்டே தீரவேண்டும். ரேபிஸ் நோயின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

* சாக்லெட், திராட்சை, வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம். வேகவைத்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

* கத்திரி வெயிலில் மத்தியானம் வெளியே கூட்டிப்போகாதீர்கள். உங்கள் புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

* நம்ம ஊர் வெயிலுக்குச் சடை முடி வெளிநாட்டு நாய்கள் படாதபாடு படும். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நம்ம மண்ணின் நாய்கள்தான். ஆனால் ஓடுவதற்கு இடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்கு சாதாரண நாட்டு நாயே போதும். 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பின் காப்பகம் கிண்டியில், வேளச்சேரி சாலையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குமுன் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்களேன்.

கடைசிப் பாடம்

நாய் நமக்கு முன்னால் போய்விடும். பல வீடுகளில் குழந்தை பார்க்கிற முதல் மரணம் அதுதான். 'நாய்தானே!' என்று அடக்காதீர்கள். அழட்டும். மறுநாளே இன்னொரு குட்டி வாங்கிவந்து வாயை அடைக்கவும் வேண்டாம். கடைசி நாட்களில் நடக்கமுடியாத நாய்க்குத் தண்ணீர் வைத்து, படுக்கையைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்த பிள்ளைக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். நேசித்தவர்கள் தளர்ந்துபோகும்போது விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் அது.

நாளைக்கு நமக்கும் வயசாகும், இல்லையா?