கை ஓடுகிறது, எழுத்து வரவில்லை

பக்கவாதம் என்றதும் கோணிய வாயும் தூக்க முடியாத கையும்தான் நம் நினைவுக்கு வரும். அபூர்வமாக வேறு விதமாகவும் வரும். நோயாளி பேசுகிறார், நாளிதழ் படிக்கிறார், வலது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். பேனாவைக் கொடுத்து ஒரு வரி எழுதச் சொன்னால் திகைத்துப்போகிறார். இதற்கு அக்ராஃபியா என்று பெயர்.

1881இல் வியன்னாவின் உடலியல் அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னர், மூளையின் இடது மேற்பரப்பில், கையை இயக்கும் பகுதிக்குச் சற்று முன்னால் எழுத்துக்கென்று ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார். அது பாதிக்கப்பட்டால் எழுத்து போகும் என்பது புரிகிறது. ஆனால் மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் சிலருக்கு எழுத்து போய்விடுகிறது. ஸ்கேனில் பார்த்தால் சேதம் மூளையின் நடு ஆழத்தில், தலாமஸில் இருக்கிறது.

தலாமஸ் சுமார் 3 செ.மீ. நீளமுள்ள முட்டை வடிவ நரம்புத் திரள், பக்கத்துக்கு ஒன்று. மேற்பரப்பின் பெரும்பாலான பகுதிகளோடு அதற்கு இருவழித் தொடர்பு உண்டு. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிக மெல்லியவை. பல வருட ரத்தக்கொதிப்பில் அவை அடைபடும் அல்லது வெடிக்கும்.

ஜப்பானிய மருத்துவர்கள் இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் ஒலியைக் குறிக்கும் கானா, சொல்லையே வடிவமாகக் காட்டும் காஞ்சி என இருவகை எழுத்துகள். இடது தலாமஸ் பாதிக்கப்பட்ட சிலர் காஞ்சியைப் படித்துவிடுகிறார்கள், பார்த்தும் எழுதிவிடுகிறார்கள். காதால் கேட்டு எழுதச் சொன்னால் அந்த வடிவம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. இத்தகையவர்களுக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் எடுத்தபோது, காயமே படாத இடது முன்பகுதியிலும் ஓட்டம் குறைந்திருந்தது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பழுதானால் வீட்டில் நல்ல பல்பும் அணைந்துபோகிறதே, அப்படித்தான். ஓரிடத்துக் காயம் தொலைவிலுள்ள பகுதியை முடக்கும் என்று நரம்பியல் அறிஞர் வான் மோனகோவ் 1914இலேயே எழுதினார். காயம் படாத பகுதி மெல்ல விழித்துக்கொள்ளும் என்பதால்தான், பயிற்சியோடு பலருக்கு எழுத்து ஓரளவு திரும்புகிறது.

இந்தக் குறை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதுதான் என் கவலை. கை கால் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். பழகிப்போன கையொப்பம் சிலருக்கு அப்படியே வரும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து, நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று எழுத வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள்தான் போடப்படுகிறது.